முதலில் மண் வாளி, பிறகுதான் ஆண் பச்சோந்தி

பச்சோந்தியை வீட்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு நல்ல ஆணைத்தான். நிறம் எப்படி, தலைக் கொண்டை எவ்வளவு உயரம், வயது என்ன, விலை எவ்வளவு என்று விசாரிப்பதிலேயே மாதங்கள் போய்விடும். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகளும் அப்படித்தான் தொடங்கினாள். தங்கச்சியின் மூத்த பிள்ளை. சின்ன வயதிலிருந்தே பூச்சி, புழு, பல்லி என்று திரிகிறவள். ஒருநாள் வீடியோ கோலில் ஆண் பச்சோந்திகளின் படங்களை வரிசையாகக் காட்டி, "மாமா, இதில எது வடிவு?" என்று கேட்டாள். எல்லாமே வடிவுதான். "அதை விடு பிள்ளை. உன்ர பெட்டை முட்டை இடுறதுக்கு எங்க போவா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கூண்டுக்குள்ளதான் மாமா" என்றாள். கமராவைத் திருப்பிக் காட்டினாள். வலை அடித்த உயரமான கூண்டு, நல்ல கிளைகள், உண்மையான செடி ஒன்று, மேலே விளக்கு. அடியில் கழுவித் துடைத்த வெறும் தட்டு. மண் என்று ஒரு பிடிகூட இல்லை.

நான் எழுத வந்தது அந்த மண்ணைப் பற்றித்தான்.

நான் இருப்பது இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் நெல்லும், தண்ணீர் எட்டாத மேட்டில் கச்சானும் செய்கிறோம். விலங்கு வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனால் எங்கள் வளவின் கிளுவை வேலியில் பச்சோந்தி உண்டு. சின்ன வயதிலிருந்தே அவற்றைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, வேலி மட்டும் தன்பாட்டில் காடாக வளர்ந்து நின்றது. அந்த வேலிக்குள் அவையும் இருந்தன. அன்றிலிருந்து எனக்கு அவற்றின் மேல் ஒரு தனிப் பட்சம். மருமகளுக்குக் கூண்டில் ஏதாவது விளங்காவிட்டால் என்னைக் கேட்பாள். நான் போய் வேலியைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வேன். இரண்டு பேரும் அப்படித்தான் படித்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை ஊர்ப் பெடியங்களும் வாசிப்பார்கள். எங்கள் பச்சோந்தியைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கக் கூடாது. அது சமேலியோ சைலானிக்கஸ் என்ற இனம். இந்தியாவிலும் இலங்கையின் வறண்ட வலயத்திலும் வாழ்கிறது. இந்தத் தீவில் இருக்கும் ஒரே உண்மையான பச்சோந்தி அதுதான். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிறகு அதற்கு வந்த திருத்தங்களும் அதைப் பாதுகாக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை விட்டாலும், காட்டில் பிடித்த பச்சோந்தி கூண்டில் உண்ணாமல் குடிக்காமல் வாடிச் செத்துப்போவதுதான் வழக்கம். மருமகளிடம் இருப்பது யெமன் பச்சோந்தி. யெமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும் அதன் சொந்த நாடு. மேற்கு நாடுகளில் வளர்ப்பவர்கள் கையில் அது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வருகிறது. எங்களுடையதும் அவளுடையதும் ஒரே பேரினம். இரண்டும் காய்ந்த நாட்டுக்காரர்கள், இரண்டும் மரத்தில் வாழ்ந்து மண்ணில் முட்டை வைப்பவை. ஆகவே என் வேலி அவள் கூண்டுக்கு எவ்வளவோ சொல்லித் தந்தது.

பலருக்குத் தெரியாத விஷயம் இது: யெமன் பச்சோந்திப் பெட்டை ஆணைக் கண்ணால் காணாமலேயே முட்டை வைக்கும், சேவல் இல்லாத வீட்டில் கோழி இடுகிற மாதிரி. குஞ்சு வராதுதான். ஆனாலும் வயிற்றில் நிறைந்த முட்டை வெளியே வந்தாக வேண்டும். ஆறு மாதம் ஆவதற்குள்ளேயே சில பெட்டைகள் அந்தப் பருவத்துக்கு வந்துவிடுகின்றன. தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு கூண்டைச் சுற்றிச் சுற்றி அலையும். அடக்க அடக்க உள்ளே சிக்கி, கடைசியில் உயிரே போய்விடும். கூண்டில் வளரும் பெட்டைகள் இளவயதில் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால் ஆண் சேர்க்கிற எண்ணமே இல்லாதவர்களும், பெட்டை ஒன்று வைத்திருந்தால், மண் வாளி ஒன்றும் வைத்திருக்க வேண்டும். இதை விற்கிற கடைக்காரர் சொல்லிவிட்டு விற்றால் எத்தனையோ உயிர் தப்பும். மருமகள் வாங்கிய இடத்தில் யாரும் சொல்லவில்லை.

வேலிப் பெட்டை மண்ணுக்கு இறங்கியதை நான் பார்த்தது ஓர் ஐப்பசியில். சோளகக் காற்று ஓய்ந்து, முதல் மழை இரண்டு தரம் பெய்து, புழுதி அடங்கியிருந்தது. கோடை முழுக்க அலவாங்கு போட்டாலும் இறங்காத நிலம் அப்போதுதான் கொஞ்சம் இளகியிருந்தது. காலையில் கிணற்றடிக்குப் போகும்போது நாய் ஒரு இடத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு நின்றது. போய்ப் பார்த்தால், கிளுவைக்கும் தேசி மரத்துக்கும் இடையில், வெறும் தரையில் அவள். பச்சோந்தியை நிலத்தில் காண்பது அரிது. மரத்தில் அவ்வளவு நிதானமாக இருக்கிற உடம்பு நிலத்தில் ஒவ்வொரு காலாக முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி ஆடித்தான் நகரும். ஒரு செண்பகப் பறவையோ கீரியோ வந்தால் ஓடித் தப்ப முடியாது. அது தெரிந்தும் இறங்கியிருக்கிறாள். வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, தோலின் கீழ் முட்டைகள் முண்டு முண்டாகத் தெரிந்தன.

நாயைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அவள் ஒரு இடத்தைத் தோண்டினாள், கொஞ்சத்தில் விட்டுவிட்டாள். இன்னொரு இடம். அதையும் விட்டாள். மூன்றாவதாகப் போனது வேலியடி வரம்பின் மேட்டில், தேசி வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிற பக்கம். மாரியில் எங்கள் வளவின் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும். அந்த மேட்டில் மட்டும் நிற்காது. அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

பச்சோந்தியின் முன்காலில் ஐந்து விரலும் உண்டு. உள்ளே மூன்றும் வெளியே இரண்டுமாக ஒட்டிச் சேர்ந்திருக்கும். கிளையைக் கவ்வுவதற்கான கால் அது, மண்வெட்டுவதற்கானது அல்ல. அந்தக் காலால்தான் தோண்டினாள். தலையை உள்ளே விட்டு முன்காலால் மண்ணைச் சுரண்டி வயிற்றுக்கடியில் இழுத்து, பின்காலால் வெளியே தள்ளினாள். கொஞ்ச நேரம் தள்ளுவாள், அப்படியே கிடந்து மூச்சு வாங்குவாள், பக்கங்கள் மேலும் கீழும் போகும். ஒரு கண் குழிக்குள்ளே பார்க்க, மற்றக் கண் பின்பக்கமாகத் திரும்பி வளவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைச் சுற்றியிருந்த தோலெல்லாம் சேறு. பச்சை நிறம் போய் உடம்பு முழுக்கக் கருமை படர்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் வால் நுனி தவிர முழு உடம்பும் உள்ளே போய்விட்டது.

இடையில் நான் காலை மாற்றி வைக்க எழும்பினேன். அவ்வளவுதான், குழிக்குள்ளிருந்து பின்னுக்கு வந்து, என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். நான் திரும்பக் குந்தி வெகுநேரம் ஆடாமல் இருந்த பிறகுதான் மறுபடி உள்ளே போனாள். பின்னேரம் வெளியே வந்து பின்காலால் மண்ணைத் தள்ளி மூடி, மிதித்து மிதித்து இறுக்கினாள். காய்ந்த இலைகளும் மேலே வந்து சேர்ந்தன. முடிந்தபோது குழி இருந்த இடமே தெரியவில்லை. வயிறு ஒட்டிப்போய், தோல் மடிப்பு விழுந்து, எலும்பு தெரிகிற உடம்போடு கிளுவையில் ஏறினாள். அந்த மேட்டைச் சுற்றி நான் கொஞ்சம் காரை முள்ளும் பழைய கம்பி வலையும் வைத்தேன், உடும்பும் நாயும் கிண்டாமலிருக்க. மண்ணைத் தொடவில்லை.

அன்றிரவே மருமகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "அவ ஏன் மாமா முதல் ரெண்டு இடத்தையும் விட்டவ?" விடிந்ததும் போய் அந்த இரண்டு குழிகளையும் கையால் பார்த்தேன். ஒன்றில் சாண் ஆழத்தில் கிறவல். மற்றதில் மண் பொலபொலவென்று சரிந்து விழுந்தது. மேட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நின்றது, தண்ணீர் கசியவில்லை. ஆகவே வேண்டியது மூன்று: ஆழம் வேண்டும், சுரங்கம் இடியாத ஈரம் வேண்டும், யாரும் பார்க்காத இடம் வேண்டும். வளர்ப்பவர்கள் எழுதி வைத்திருக்கிற குறிப்புகளும் இதையேதான் சொல்கின்றன. ஆனால் வேலியில் பார்த்த பிறகு அந்தக் குறிப்புகளின் காரணம் விளங்கியது.

மருமகள் செய்த வாளி இப்படி. வெளிச்சம் ஊடுருவாத பெரிய பிளாஸ்ரிக் வாளி. அதற்குள் முப்பது சதம மீற்றர் உயரத்துக்குக் குறையாமல் கழுவிய ஆற்று மணலும் உரம் கலக்காத தோட்ட மண்ணும் கலந்து நிரப்பினாள். உரம் கலந்த பை மண் கூடாது, வெள்ளை உருண்டைகள் போட்ட மண்ணும் கூடாது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, நடுவில் விரலால் ஒரு துளை போட்டுப் பார்ப்பாள். துளை இடிந்தால் ஈரம் போதாது. அடியில் தண்ணீர் தேங்கினால் கூடிப்போச்சு. வாளியின் விளிம்புக்கு ஏற ஒரு கிளை, ஓரத்தில் தொடக்கமாக ஒரு சின்னக் குழி, கூண்டின் கீழ்ப்பாதியைச் சுற்றி ஒரு துணி. அந்த வாளி உள்ளே போய், பெட்டை அதில் ஏறி இறங்கிப் பழகிய பிறகுதான் ஆணைப் பற்றிய பேச்சு.

ஆணைச் சேர்ப்பது இந்தக் கதையில் சின்னப் பகுதி. யெமன் பச்சோந்தி ஆணுக்குப் பின்காலில், குதிக்கு மேலே ஒரு முள் இருக்கும். முட்டையிலிருந்து வரும்போதே அது உண்டு, ஆகவே ஆண் பெண் பிரிப்பதில் சிரமமில்லை. பெட்டைக்கு ஒரு வயதாவது ஆகட்டும் என்று காத்திருந்தது நல்ல முடிவு. ஆண் தனிக் கூண்டில், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி இருந்தது. இவை தனித்து வாழும் பிராணிகள். ஒன்றை ஒன்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதே அவற்றுக்குத் துன்பம்.

சம்மதமா இல்லையா என்பதை நிறம் சொல்லிவிடும். பச்சோந்தி இருக்கிற இடத்தின் நிறத்துக்கு மாறுகிறது என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். உண்மையில் அது மாறுவது சூட்டுக்கும் குளிருக்கும், பயத்துக்கும் கோபத்துக்கும், துணைக்கும் எதிரிக்கும். மடகஸ்காரின் ஒரு பச்சோந்தி இனத்தை வைத்து ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டியது, தோலின் கலங்களுக்குள் இருக்கும் மிகச் சிறிய படிகங்களின் இடைவெளியை அது மாற்றுகிறது, அதனால் தோல் திருப்பி அனுப்புகிற ஒளியின் நிறம் மாறுகிறது என்பதை. யெமன் பச்சோந்திப் பெட்டை தயாராக இருக்கும்போது பச்சை உடம்பில் நீலப் புள்ளிகள் தெளிவாக வரும். விருப்பமில்லாவிட்டால் கருத்து, வாயைப் பிளந்து, சீறி, இரண்டு பக்கமும் ஆடும். முதல் முறை ஆணைக் காட்டியபோது மருமகளின் பெட்டை கருத்துச் சீறினாள். மருமகள் உடனே ஆணை எடுத்துவிட்டாள். சில நாள் கழித்துக் காட்டியபோது பச்சையாகவே மெல்ல நடந்தாள். சேர்க்கை அரைமணிக்குள் முடிந்தது. மறுநாளைக்குள் பெட்டையின் உடம்பு இருண்டு, மஞ்சளும் நீலமும் திட்டுத் திட்டாக எழுந்தது. இனி ஆணைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்பதற்கு அடையாளம் அது.

அப்புறம் சாப்பாடு. நல்லாக உண்ணக் கொடுத்தால் நல்லது என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தோன்றும். தங்கச்சி ஒவ்வொரு கோலிலும், "வயித்தில பிள்ளையோட இருக்கிறா, நிறையக் குடு" என்பாள். இந்தப் பிராணிக்கு அது பொருந்தாது. கூடிய சூடும் கூடிய தீனியும் கிடைத்தால் பெட்டையின் உடம்பு முட்டைகளைக் கூட்டிக்கொண்டே போகும். கூண்டில் எழுபது எண்பது முட்டை வைத்து, உருக்குலைந்து, இரண்டு மூன்று வயதிலேயே செத்துப்போகிறவை உண்டு. வெயில் காயும் விளக்கின் கீழ் இருபத்தேழு, இருபத்தெட்டுப் பாகை செல்சியசுக்கு மேல் போகவிடாமல், வளர்ந்த பெட்டைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சில சிள்வண்டுகள் மட்டும் கொடுத்தால் முட்டை அளவாக வரும், ஆயுளும் கூடும். பூச்சியில் கல்சியத் தூள் தூவிக் கொடுப்பதையும், எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் விளக்கையும் மறக்கவே கூடாது. தீனியில் போதாவிட்டால் முட்டைக்கான கல்சியம் அவள் எலும்பிலிருந்துதான் போகும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் குடிக்காது. இலையில் துளி நிற்க வேண்டும். நான் மிளகாய்க்குத் தண்ணீர் அடிக்கும்போது வேலிக்கும் கொஞ்சம் பிடிப்பேன். இலை நுனியில் துளி மினுங்கினால் நாக்கை நீட்டி ஒற்றி எடுக்கும்.

சேர்ந்து ஒரு மாதம் ஆகிற நேரம், நடு இரவில் எனக்குக் கோல் வந்தது. அவளுக்கு அங்கே பகல். "மாமா, அவ சாப்பாட்டைத் திரும்பியும் பாக்கிறா இல்லை. ஒரே கீழ இறங்கிறா, வலையைப் பிறாண்டிறா." நல்ல சேதிதான் அது. வாளி மண்ணுக்குத் தண்ணீர் தெளி, துணியை இறக்கிவிடு, நீ அறைக்குள் போகாதே என்றேன். போகாமல் எப்படி இருப்பது என்று கேட்டாள். பழைய கைபேசி ஒன்றைக் கூண்டு மூலையில் கமராவாகக் கட்டிவைத்தாள். அதிலிருந்து ரொறன்ரோ மண் வாளியை ஒட்டுசுட்டானில் படுத்தபடி நானும் பார்த்தேன். முதல் நாள் ஒரு குழி, பாதியில் விட்டாள். இரவு குழிக்குள்ளேயே தூங்கினாள். அடுத்த நாள் வாளியின் அடிவரை போய்விட்டாள், வால்கூடத் தெரியவில்லை.

அந்த இரண்டு நாளும் மருமகள் பட்ட பாட்டை நான் லேசாக எண்ணவில்லை. பெட்டையின் கண் குழி விழுந்து, பகலில் கண்ணை மூடிக்கொண்டு, கூண்டின் அடியில் சோர்ந்து கிடந்தால் அது தோண்டுவதன் களைப்பு அல்ல, ஆபத்து. அப்போது வீட்டு வைத்தியம் ஒன்றும் இல்லை. ஊர்வன பார்க்கிற வைத்தியரிடம்தான் ஓட வேண்டும். அவர் ஊசி போட்டுப் பார்ப்பார், சில வேளை அறுவைச் சிகிச்சை. முட்டைக் காலத்துக்கு முன்பே அப்படி ஒரு வைத்தியரின் இலக்கத்தை அவள் எடுத்து வைத்திருந்தாள், அதற்கான காசையும் ஒதுக்கி வைத்திருந்தாள். காசு ஒதுக்க வசதியில்லாதவர்கள் இதில் இறங்காமலிருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். கடுமையாகச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பிராணிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பெட்டை மேலே ஏறி, மண்ணை மூடி, மிதித்து இறுக்கி முடித்த பிறகு மருமகள் அவளுக்கு வெகுநேரம் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். ஆசை தீரக் குடித்தாளாம். பிறகு கரண்டியால் மெல்ல மெல்ல வாளியைக் கிண்டினாள். அடியில், மூலையில், வெள்ளை வெளேரென்று நாற்பதுக்குக் கிட்ட முட்டைகள். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சதம மீற்றர் நீளம் இருக்கும், தோல் போன்ற மெல்லிய ஓடு. எந்தப் பக்கம் மேலே கிடந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்கும்படி, உருட்டாமல் எடுத்தாள். தாவரக் கடையில் விற்கும் வெர்மிகுலைற் துகளை, பிழிந்தால் ஒன்றிரண்டு துளிக்கு மேல் வராத அளவுக்கு நனைத்து, மூடியுள்ள பெட்டியில் பரப்பி, முட்டைகளை இடைவெளி விட்டுப் பாதி புதைத்தாள். முட்டைகள் ஈரத்தை உறிஞ்சி வளரும், ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கும். யெமன் பச்சோந்தி முட்டைக்கு இருபத்தாறு முதல் இருபத்தெட்டுப் பாகைச் சூட்டில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆகும். காரணம் இருக்கிறது. முட்டை வெளியே வரும்போது கரு மிக ஆரம்ப நிலையில்தான் இருக்கும். வந்த பிறகும் வளராமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், பிறகுதான் வளர்ச்சி தொடங்கும். யெமனின் மலைச்சரிவில் மழையும் பூச்சியும் இல்லாத காலத்தில் குஞ்சு வெளியே வந்து என்ன செய்யும்? முட்டைக்குள் நிற்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. மருமகள் இருட்டில் ரோர்ச் பிடித்துப் பார்ப்பாள், ஒன்றும் தெரியாது, எறிந்துவிடலாமா என்று கேட்பாள். பூஞ்சணம் பிடித்து, சுருங்கி, மஞ்சளாகப் போனவற்றை மட்டும் எடு, வெள்ளையாக இறுக்கமாக இருப்பதை விட்டுவை என்பேன். வெகு நாள் கழித்து ஒருநாள் ரோர்ச் வெளிச்சத்தில் முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. அவள் அனுப்பிய அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

பெட்டியைச் சூடாக வைத்தால் எல்லாம் ஆணாக வருமா என்று ஒருவர் அவளிடம் கேட்டிருக்கிறார். எங்கள் குளத்து முதலைக்கும் கடலாமைக்கும் கூட்டின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். யெமன் பச்சோந்திக்கு அப்படி இல்லை, அது மரபணுவில் வருவது. சூட்டைக் கூட்டினால் பலவீனமான குஞ்சுதான் மிச்சம்.

அந்தக் காத்திருப்பு மாதங்களில் எங்கள் ஊரில் எனக்கு மனம் நோகும் காரியங்கள் நடந்தன. அடுத்தடுத்த வளவுகளில் கிளுவையும் பூவரசும் வெட்டப்பட்டு மதில் எழும்பியது. மாடும் பன்றியும் வராது, வெளிநாட்டுக் காசு வருகிறது, கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, வேலி அடைக்க இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதுமில்லை. ஆனால் பச்சோந்திக்கு வேலிதான் வீடு, வேலியடி மண்தான் பிள்ளைப்பேற்று அறை. ஜே.சி.பி. வந்து வளவைச் சமப்படுத்திக் கிறவல் பரப்பிவிட்டால் மேட்டு மண் போய்விடும். முட்டையோடு இறங்குகிற பெட்டை இடம் தேடி வீதியைக் கடக்கும். பச்சோந்தி வீதியைக் கடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு அடி வைத்து, ஆடி, யோசித்து, அடுத்த அடி. மாங்குளம் வீதியில் பஸ் பிடிக்கிற வேகத்துக்கு அது எங்கே? கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு தடியை நீட்டுங்கள். தானாக ஏறிப் பிடித்துக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே இறக்கிவிடுங்கள். விஷம் கிடையாது. பயந்தால் வாயைப் பிளந்து ஊதிக் காட்டும், கையால் பிடித்தால் கடிக்கவும் கூடும்.

மதில் கட்டுகிறவர்கள் பின்வளவில் ஒரு பக்கமாவது உயிர்வேலியை விட்டுவைக்கலாம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை அப்படி விட்டிருக்கிறார். அவர் மனைவிக்குப் பச்சோந்தி என்றால் பயம், முகத்தில் துப்பினால் குருடாகும் என்று அவருடைய ஆச்சி சொன்னதாம். முட்டை வைத்துவிட்டு எலும்பாக ஏறிப்போன பெட்டையின் கதையைச் சொன்னேன். இப்போது அவவே கும்பிடுபூச்சி நிறைய இருக்கிற இடமெல்லாம் எனக்குக் காட்டுகிறா.

ரொறன்ரோப் பெட்டியில் முட்டைகள் வியர்க்கத் தொடங்கியது எட்டாம் மாதத்தில். ஓட்டின் மேல் சின்னச் சின்ன ஈரத்துளி வந்து, இறுக்கம் விட்டு, கொஞ்சம் சுருங்கியதுபோல் ஆகும். பார்க்கிறவர் பயந்துபோவார், ஆனால் அது பொரிக்கிற அடையாளம். ஓட்டின் ஒரு முனையில் கீறல் விழுந்து மூக்கு நுனி தெரிந்தது. அப்படியே பல மணி நேரம் கிடந்தது. உதவி செய்யட்டுமா என்று மருமகள் துடித்தாள். தொடாதே என்றேன், இதில் இரண்டாம் பேச்சில்லை. உள்ளே மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. வெளியே இழுத்தால் அந்தப் பை கிழிந்து குஞ்சு சாகும். கடைசியில் தானாக வந்தது. வாலோடு சேர்த்து ஆறேழு சதம மீற்றர் இருக்கும். வந்த உடனேயே கிளையைத் தேடிப் பிடித்து, வாலைச் சுருட்டி, ஒரு கண்ணை முன்னுக்கும் ஒரு கண்ணைப் பின்னுக்கும் திருப்பியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த சில நாளில் பெரும்பாலானவை வந்துவிட்டன. இனித்தான் உண்மையான வேலை. முப்பதுக்கு மேற்பட்ட வாய்கள், நாளுக்கு இரண்டு தரம். பழ ஈயும், முட்டையிலிருந்து அப்போது வந்த சிள்வண்டுக் குஞ்சும்தான் வாய்க்குள் போகும். அதைத் தேடி ஓடக் கூடாது, குஞ்சு பொரிக்குமுன்பே வீட்டில் ஈயைப் பெருக்கி வைத்திருக்க வேண்டும். தங்கச்சியின் குசினியில் வாழைப்பழம் மசித்த போத்தல்கள் வரிசையாக நின்றன. அவள் முகத்தைச் சுளித்தாலும் எடுத்து எறியவில்லை. குஞ்சுகளைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, இடையில் இலை மறைப்பு வைத்து, பெருத்தவற்றை முதலில் தனியாக்கினாள். சேர்த்து வைத்தால் பெரியது உண்ணும், சின்னது ஒதுங்கி நிற்கும், ஒன்றின் வாலை மற்றது கடிக்கும். சில தங்கவில்லை. எவ்வளவு பார்த்தாலும் சில தங்காது. அதற்கு அவள் அழுதாள்.

மூன்று மாதம் ஆனதும் ஆள் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினாள். பெட்டைக் குஞ்சு கேட்டு வருகிறவர்களிடம் விளக்கு, கூண்டு, சாப்பாடு பற்றியெல்லாம் கேட்பாள். கடைசியாக மண் வாளி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பாள். இல்லை என்றால், செய்து படம் அனுப்புங்கள், பிறகு வாருங்கள் என்பாள். கூடக் காசு தருகிறேன் என்றவரையும் அப்படித்தான் அனுப்பினாள். பொறுக்காவிட்டால் வெளியே விட்டுவிடலாம்தானே என்று ஒருவர் சொன்னாராம். அவருக்கு ஆணும் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து தப்பியும் விட்டும் பெருகிய யெமன் பச்சோந்திகள் புளோரிடாவில் இப்போது காட்டிலேயே வாழ்ந்து இனம் பெருக்குகின்றன, ஹவாய்த் தீவுகளிலும் அந்தப் பிரச்சினை இருந்தது. ரொறன்ரோக் குளிரில் விட்டால் செத்துப்போகும். இரண்டுமே நடக்கக் கூடாதவை.

இப்போது எங்களுக்குள் ஒரு விவாதம் நடக்கிறது. பெட்டை பழையபடி உடம்பு தேறிவிட்டாள். ஆணை அவள் பக்கம் காட்டவில்லை, ஆனால் ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்து அடுத்த ஈட்டையும் கருக்கட்டிய முட்டையாகவே வைக்க இவற்றால் முடியும். ஆகவே வாளியில் வரப்போகிற முட்டைகளிலும் குஞ்சு இருக்கலாம். இன்னொரு முப்பதுக்கு நல்ல வீடு தன்னால் தேட முடியாது, இட்ட அன்றே குளிர்ப்பெட்டியில் உறைய வைத்துவிடுவேன் என்கிறாள் மருமகள். தங்கச்சிக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. "உயிரை எப்படியடி உறைய வைக்கிறது? அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள். நான் மருமகள் பக்கம். இட்ட அன்று அதற்குள் இருப்பது உருவமே எடுக்காத கரு. ஆறு மாதம் கழித்து வீடில்லாமல் நிற்கப்போவது கண்ணும் வாலும் பசியும் உள்ள குஞ்சு. தங்கச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.